டிரெசரின் வேர் பூத்த கதை

பேரா மாநிலத்தில் ஒரு பூச்செடியைப் பார்த்து "நாக்க நீட்டு" என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் டிரெசர்தான். மலேசியா முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் கிடைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கிடைத்தாலும் எங்கள் வீட்டு வரிசையில் இடம் காலி இல்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தபால்காரர் உட்பட எல்லாருக்கும் அவர் டிரெசர். லகாட் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரு தகரக் கொட்டகை உண்டு. டாக்டர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாள்களில் மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடி அறுப்பது எல்லாம் டிரெசர்தான். யார் போனாலும் முதலில் நாக்கைப் பார்ப்பார். ஒரு தடவை ஓர் ஆள் மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டு போனார்.

"கால்லதானங்கய்யா வெட்டு."

"காலு எங்கயும் ஓடிராது. நாக்க நீட்டு."

நாக்கைப் பார்த்த பிறகுதான் கால்.

எனக்கு இதில் ஒரு சிரமம் இருந்தது. ஓர் ஆம்பளைக்கு முன்னால் வாயைத் திறந்து நாக்கை நீட்ட எனக்கு வெட்கம். காய்ச்சலோடு போவேன், வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் அட்டையில் ஏதோ எழுதிவிட்டு மருந்தைக் கொடுத்து அனுப்புவார். என்ன எழுதினார் என்று ஒரு நாள் அங்கே வேலை செய்த ஆயாவிடம் கேட்டேன். "நாக்கு பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தாராம். என் மருத்துவ வரலாறு முழுக்க அந்த ஒரு வரிதான்.

தோட்டத்தை விற்றார்கள், வீடுகள் கட்டினார்கள், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். வருஷங்கள் கழித்து, ஈப்போவிலிருந்து, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் பேர்போன தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில், தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் நான் குடியேறினேன். முதல் நாள் காலையில் வாசலைப் பெருக்க வந்தால் பக்கத்து வீட்டு வாசலில் டிரெசர் நிற்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"அஞ்சலைதான? எப்படி இருக்க? நாக்க நீட்டு."

நான் துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டேன்.

அப்போது அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம். மகள் வசந்தி பினாங்கில் ஆசிரியை. நோயாளி இல்லாமல் ஒரு டிரெசர் எத்தனை நாள் இருப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் ஒரு சீனத்து அம்மாவிடம் ஓர் ஓர்கிட் செடி வாங்கிவந்தார். சாதாரண ஓர்கிட் இல்லை. பூ விரிந்தால் அந்துப்பூச்சி இறக்கையை விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் ஜாதி. அதிலும் இரண்டு மூன்று ஜாதியைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. கேமரன் மலைக் குளிரில் வளர்த்துப் பூத்த பிறகு கீழே கொண்டுவந்து விற்பார்கள். பூ இரண்டு மாதம் நிற்கும். பிறகு கொட்டிவிடும். அப்புறம் நம் வெயிலில் நான்கு தடித்த இலையைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுபாவம் எனக்குப் பிடித்திருந்தது.

டிரெசருக்கு அது ஒரு சவாலாகப் போய்விட்டது. ஒரு தொட்டி பதினொன்றாயிற்று. பதினொன்றும் வாங்கும்போது பூத்திருந்தவை, அதற்குப் பிறகு பூக்காதவை.

தினமும் காலை ஏழு மணிக்குப் பெரட்டு. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது. செடிகளை வரிசையாக வைத்து நம்பர் கூப்பிட்டு, ஒவ்வொரு இலையையும் விரலால் தூக்கி, "நாக்க நீட்டு" என்பார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் அட்டை. தொட்டிகள் எல்லாம் உள்ளே வேர் தெரிகிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். ஏன் என்று வரிசையில் ஒருவர் கேட்டதற்கு, "எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்ல" என்றார். வாரம் ஒரு நாள் ஊசி இல்லாத ஊசிக்குழாயில் உரத்தண்ணீர். இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடுமாம், காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுப்பார். அழுகின இலையை வெட்டினால் புண்ணில் பட்டைத் தூள் தடவுவார். அந்த வாரம் அவர் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் கறிக்குழம்பு ஞாபகத்தோடு போவார்கள். பட்டைத் தூள் தீர்ந்த ஒரு நாள் பழைய வழக்கத்தில், ஆளுக்குப் புண் வந்தால் போடுகிற நீல மருந்தைத் தடவிவிட்டார். ஐந்தாம் நம்பர் செடி கடைசி வரைக்கும் முட்டியில் நீலம் பூசின தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியே இருந்தது.

எதிர் வீட்டில் மாரியப்பன் இருந்தார். கேமரன் மலைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். அவருக்கு இது தினமும் காலையில் ஒரு காட்சி.

"டிரெசர், பெரட்டுக்கு யாராச்சும் வரலையா?"

"ஏழாம் நம்பர் மட்டம்."

"மட்டம்னா?"

"செத்துப்போச்சு."

"தஞ்சோங் ரம்புத்தான் இன்னும் நாலு மைல்தான்லா, டிரெசர். நான் அந்தப் பக்கமாத்தான் போறேன், ஏறிக்கிறீங்களா?"

"முதல்ல உன் நாக்க நீட்டு, பாப்போம்."

மாரியப்பன் நீட்டுவார். அவருக்கு வெட்கம் கிடையாது.

ஒரு தடவை டிரெசர் மூன்றாம் நம்பரை மலைக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் துரைமார் உடம்பு தேற மலைக்குப் போவார்களே, அந்த மாதிரி ஒரு மாதம் ஓய்வு. துணைக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். மாரியப்பன் அதை லாரியில் வைத்துக்கொண்டு போனார், கொண்டுவந்தார். போன செடி வரவில்லை. வந்தது ஒரு கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ். மாரியப்பன் இறக்கும்போது மாறிப்போய்விட்டதாகச் சொன்னார். டிரெசர் அந்தக் கோபிஸைக் கையில் வாங்கி ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "நல்லா தேறியிருக்கு" என்று சொல்லி எனக்குக் கொடுத்துவிட்டார். நான் பொரியல் செய்தேன்.

இந்தச் செடியில் பெரிய குழப்பம் என்னவென்றால், வேர் மண்ணுக்குள் போகாமல் இலை இடுக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வரும். பூக்காம்பும் அங்கேயிருந்துதான் வரும். சின்னதாக இருக்கும்போது எது எது என்று தெரியாது. டிரெசர் மூன்று தடவை, "பூக்காம்பு வந்திருச்சு" என்று வரிசை முழுக்கச் சொல்லி அனுப்பினார். மூன்று தடவையும் நான்தான் கேசரி கிண்டினேன். மூன்றும் வேர்.

அதற்குப் பிறகு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை எங்களையெல்லாம் வாசலில் உட்காரவைத்துப் பூதக்கண்ணாடியோடு பாடம் நடத்தினார். வேர் என்றால் நுனி உருண்டையாக, பச்சை மெழுகு தடவின மாதிரி பளபளவென்று இருக்கும், கீழே பார்க்கும். பூக்காம்பு என்றால் நுனி சப்பையாக, கைக்குழந்தைக்குப் போடுகிற கையுறை மாதிரி ஒரு மடிப்போடு இருக்கும், மேலே பார்க்கும். மாரியப்பனை எழுந்து நின்று திருப்பிச் சொல்லவைத்தார். என்னைக் கேட்கவில்லை. நான் மனசில் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் டிரெசர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, இடுப்பில் ரத்தக் கட்டு. நீல மருந்தை அவரே தடவிக்கொண்டார். ஆனால் வசந்தி பினாங்கிலிருந்து வந்துவிட்டாள்.

"அப்பா, தனியா இருந்தது போதும். என்கூட வந்துருங்க. ரூம்பெல்லாம் ரெடியா இருக்கு. கட்டில்கூட போட்டாச்சு."

"பேஷண்டுங்கள பாதியில போட்டுட்டு எப்படிலா வாரது?"

"எந்த பேஷண்டுப்பா? எல்லாம் இலைதான இருக்கு?"

அப்போது பதினொன்றில் நான்குதான் மிச்சம். அதில் நன்றாக இருந்தது ஒன்பதாம் நம்பர். டிரெசர் அதைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"இது பூக்கட்டும். பூத்த மறுநாள் வாரேன். மாரியப்பன், நீ சாட்சி. அஞ்சலை, நீயும் சாட்சி."

வாக்கு கொடுத்தால் மாறாத மனிதர். தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரியும். வசந்தி சரி என்று போய்விட்டாள். எனக்கும் நிம்மதி. ஈப்போ வெயிலில் அது பூக்கப் போவதில்லை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது ஒரு பழக்கம். காலையில் "அஞ்சலை, எழுந்தாச்சா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். நான் "ம்" என்பேன். ஒரு நாளைக்கு எனக்கு அவ்வளவு பேச்சு போதும். ஆனால் அது வேண்டும்.

மறுநாள் காலை டிரெசர் ஒன்பதாம் நம்பரோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அஞ்சலை, உன் மகன் ரூம்புல ஏர்கோன் இருக்குல்ல?"

என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதம் வருவான். அவன் அறையில் மட்டும் ஏர்கோன். மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கும்.

"இருக்குங்கய்யா."

"சந்தையில அந்த சீனத்து அம்மா சொல்லுது, ராத்திரி குளிரு வேணுமாம். ஒரு மாசம் குளிருல படுத்தா காம்பு வருமாம். அட்மிட் பண்ணணும்."

நான் நிறைய கேள்வி கேட்கிறவள் இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டேன். "பூத்துட்டா நீங்க போகணுமேங்கய்யா?"

செடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வாக்கு வேற, வைத்தியம் வேற" என்றார். ஒரு நோயாளியைக் குணமாக்காமல் விட அவருக்குத் தெரியாது. அதுதான் அவருக்கு இருந்த வியாதி.

ஆக என் மகன் அறை வார்டு ஆனது. நான் நர்ஸ். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒன்பதாம் நம்பரை வைத்தார். ஏர்கோனைப் பதினெட்டில் வைத்தார். சுவரில் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஒரு வெப்பமானியை மாட்டினார். லாடம் மாதிரி வளைந்த கண்ணாடிக் குழாய். தினமும் காலையில் வந்து அதை உற்றுப் பார்ப்பார், பிறகு ஒரு சின்னக் காந்தத்தால் அந்தக் குழாயைத் தடவுவார், பிறகு அட்டையில் எழுதுவார். ஏன் தடவுகிறார் என்று நான் கேட்கவில்லை. சிலர் திருநீறு பூசுகிறார்கள், இவர் காந்தம் தடவுகிறார் என்று விட்டுவிட்டேன். அட்டையின் முன்பக்கம் நான் படிப்பதற்காகத் தமிழ். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். பின்பக்கம் அவருக்கு, இங்கிலீஷ்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். எழுதுவதில் ஒரு வசதி, யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் டிரெசர் போனதும் நான் ஏர்கோனை அணைத்துவிட்டேன். பூக்காத செடி பூக்காமலே இருக்கட்டும். ஆனால் பூட்டிய அறையில் அது புழுங்குமே என்று பாவமாக இருந்தது. அதுவும் உயிர்தான். ஜன்னலைத் திறந்துவைத்தேன். காலையில் அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஜன்னலை அடைத்து ஏர்கோனைப் போட்டேன். டிரெசர் வந்தார். குழாயைப் பார்த்தார். காந்தத்தால் தடவினார். எழுதினார்.

"நல்லா குளிருது" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

இப்படி ஆறு வாரம் போனது. தீபாவளிக்கு முந்தின மழைக்காலம். தினமும் சாயங்காலம் மழை கொட்டும், மலையிலிருந்து ஈரக் காற்று ஜன்னல் வழியாக நேரே ஸ்டூல் மேல் அடிக்கும். எனக்குப் போர்வை தேவைப்பட்டது. செடிக்கு அது எப்படி இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை இலை இடுக்கில் ஒரு பச்சை நுனி. சப்பையாக இருந்தது. கைக்குழந்தையின் கையுறை மாதிரி ஒரு மடிப்பு. மேலே பார்த்தது.

பாடத்தை மனசில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு தொட்டியை அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவைத்தேன்.

டிரெசர் வந்தார். தொட்டியைத் திருப்பினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேரு" என்றார்.

அட்டையில் "வேர்" என்று எழுதினார். பிறகு தொட்டியை நான் வைத்திருந்த மாதிரியே சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு வசந்தி வந்தபோது அந்த வேர் ஒரு சாண் நீளம். வார்டைப் பார்க்க மாரியப்பனும் கூடவே வந்தார்.

"அப்பா, இது பூக்காம்பு இல்ல?"

"வேரு."

"டிரெசர், ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தீங்களே. சப்பையா மேல பாத்தா காம்புன்னு சொன்னீங்க" என்றார் மாரியப்பன்.

"எல்லா வேரும் ஒரே மாதிரியா இருக்கும்? உன் மூக்கும் என் மூக்கும் ஒண்ணா?"

வசந்தி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

அது உண்மை. நான் அதுவரை பொய் சொன்னதில்லை. அதிகம் பேசாததால் அதற்குத் தேவையும் வரவில்லை.

"வேருதான்" என்றேன்.

வசந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முறுக்கு சாப்பிடப் போனாள்.

வேர் வளர்ந்தது. சாய ஆரம்பித்தபோது டிரெசர் இறைச்சி குத்தி வாட்டுகிற சாத்தே குச்சியை முட்டுக் கொடுத்துக் கட்டினார். அட்டையில், "வேருக்குக் கட்டுப் போடப்பட்டது." பிறகு அதில் பட்டாணி மாதிரி மொட்டுகள் வந்தன. எண்ணிப் பார்த்து எழுதினார்: "வேரில் ஏழு கட்டிகள். வலி இல்லை. மருந்து தேவையில்லை." மாரியப்பன் அதைப் படித்துவிட்டு லாரிக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தார்.

தைப்பூசம் முடிந்த வாரம், ஒரு காலை, முதல் கட்டி விரிந்துவிட்டது. வெள்ளை இறக்கை. நடுவில் ஊதா நரம்பு ஓடின உதடு. வேர் என்று சொல்ல இனி ஒரு வழியும் இல்லை.

டிரெசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த பூ. முகத்தில் சந்தோஷமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. பிறகு போனை எடுத்தார்.

"வசந்தி, பூத்திருச்சு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போ." போனை வைத்துவிட்டு என்னிடம், "வாக்குன்னா வாக்கு" என்றார்.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. நான் கேசரி கிண்டலாமா என்று யோசித்து, ரவையை எடுத்து, மறுபடியும் டின்னில் கொட்டிவிட்டேன்.

மறுநாள் வசந்தி வந்தாள். டிரெசர் முழுக்கை சட்டை போட்டுப் பெட்டியோடு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பூவைப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். தொட்டியில் சொருகியிருந்த அட்டையை எடுத்தாள். முன்பக்கம் படித்துச் சிரித்தாள். பின்பக்கம் திருப்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அது டாக்டர் நோட்டு. படிக்கக் கூடாது" என்றார் டிரெசர்.

வசந்தி எனக்கும் புரியட்டும் என்று தமிழில் படித்தாள்.

"முதல் நாள் ராத்திரி. கம்மியான சூடு இருபத்தஞ்சு. ஏர்கோன் பதினெட்டு. நர்ஸ் அணைச்சிட்டா. கேக்க வேணாம்."

நான் சமையலறைக்குப் போகப் பார்த்தேன். வழியில் டிரெசரின் பெட்டி மறித்தது.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"அந்தக் குழாய்க்குள்ள சின்ன ஊசி இருக்கு. ராத்திரி எவ்வளவு தூரம் இறங்குச்சோ அந்த இடத்துலயே நிக்கும். காலையில காந்தம் வச்சு எடுத்து விடணும்." டிரெசர் என்னைப் பார்க்காமல் சுவரிடம் சொன்னார்.

வசந்தி மேலே படித்தாள். "பத்தாவது நாள். இருபத்திரெண்டு. ராத்திரி ஜன்னல் திறந்திருக்கு. ஏர்கோன் காத்து காஞ்ச காத்து, ஜன்னல் காத்துதான் செடிக்கு நல்லது. நர்ஸ்கிட்ட சொன்னா ஜன்னல அடைச்சிருவா. சொல்லல." அட்டையின் கடைசி வரிக்கு வந்தாள். "நாப்பத்திரெண்டாவது நாள். பூக்காம்பு. நர்ஸ் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கா. நான் போறதுல அவளுக்கு இஷ்டம் இல்ல. எனக்கும் இல்ல."

வெளியே மாரியப்பன் லாரியைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

வசந்தி அட்டையை மடிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "அப்பா, ஏன் வர முடியாதுன்னு சொன்னீங்க?"

"பேஷண்ட பாதியில விட முடியாதுன்னு."

"பேஷண்டுக்குக் குணமாயிருச்சு. டிஸ்சார்ஜ் பேஷண்டுக்குத்தான், டிரெசருக்கு இல்ல. பினாங்குல கட்டில் போட்ட ரூம்பு சும்மாதான் கிடக்கு. செடி வரட்டும்." தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "மாரியண்ணே, அப்பா பாத்ரூம்புல கைப்பிடி மாட்டணும். அஞ்சலக்கா, காலையில குரல் வரலைன்னா எனக்குப் போன் பண்ணணும். பேசணும்க்கா. 'ம்' சொன்னா பத்தாது."

"ம்" என்றேன். பிறகு, "சரிம்மா" என்றேன்.

ஒன்பதாம் நம்பர் காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு பினாங்குக்குப் போனது. டிரெசர் தெருமுனை வரை கூடவே நடந்து, குருத்தில் தண்ணீர் ஊற்றாதே என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டினார். கையில் ஒரு புதுத் தொட்டி, இலை மட்டும். யாரோ பூ கொட்டினதும் தூக்கிப் போட்டதாம்.

"அஞ்சலை, புது கேஸ். கட்டில் காலியா?"

கட்டில் காலிதான் என்றேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவர் ஸ்டூலில் செடியை வைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்து, இலையைத் தூக்கிப் பார்த்தார்.

அவர் என்னைக் கேட்கவில்லை. நான் அவருக்கு எதிரில் போய் நின்று, வாயைத் திறந்து, நாக்கை நீட்டினேன்.

டிரெசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முறைப்படி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு செடியின் அட்டையிலேயே அதை எழுதிக்கொண்டார்.